மூன்றாம் இடம்: டிரான்ஸ்ஃபார்மர்

நாள் 212. 07:40

நிலவின் தென்முனை, பனிச் சுரங்கம். எழுதுபவர் ரோஸ்லின் பர்னாந்து, மின்னணுப் பராமரிப்பு. சுரங்கத்துக்குள் காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. காபி சரியில்லை, அது வழக்கம்தான்.

இங்கே ஆள் இரண்டு பேர். நானும் துளைப்பாளர் முத்துவிநாயகமும். உண்மையில் உழைப்பது எருமை. ஆறு கால், இரண்டு சம்மட்டிக் கை, பாறை உடைக்கும் இயந்திரம். பெயர் விநாயகம் வைத்தது. சுரங்க வளைவுகளில் ரேடியோ ஒழுங்காகப் போகாததால் எருமைக்குச் சத்தத்தால்தான் கட்டளை. உடைக்க வேண்டிய இடத்தில் விரல் நீளத்தில் ஓர் ஊதியை ஒட்டுவோம். மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் அது கீச்சிடும். எருமை அதைத் தேடிப் போய், சத்தம் அடங்கும்வரை இடிக்கும். அதற்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

ஓய்வு நேரத்தில் என் பெட்டி. எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றுகிற டேக். சிப் ஒன்று, அதன் பின்னால் போட்டுப் பார்க்க வெளியீட்டுப் பகுதி மூன்று. வால்வு: வெல்லம் கூடிய பாயசம், இரண்டாம் இடம். ஆப்-ஆம்ப்: பளிச், முதல் இடம். டிரான்ஸ்ஃபார்மர்: கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுகிறது, உச்சம் எல்லாம் மங்கல். போதாததற்கு அதன் வாயில், இரண்டு கம்பிக்கும் குறுக்கே, ரெசிஸ்டர் என்ற மின்தடை ஒன்று கட்டாவிட்டால், காதுக்கு எட்டாத இடத்தில் கிணுகிணு என்று தானே கத்துகிறது. மூன்றாம் இடம்.

அடுத்து ஃபில்டர். எண்ணிலிருந்து ஒலி செய்யும்போது, நாம் கேட்கும் ஒலிக்கு மேலே, காதுக்கு எட்டாத உச்சத்தில், அதன் நிழலும் சேர்ந்து பிறக்கும். அதை வெட்டத்தான் ஃபில்டர். கேட்காத ஒன்றை எதற்கு வெட்ட வேண்டும்? வெட்டினால் தவிலின் அடியும் சேர்ந்து மழுங்குகிறது. கழற்றி எறிந்தேன். தவில் எழுந்து வந்து நெஞ்சில் அடித்தது. என் தீர்ப்பு: ஆப்-ஆம்ப், ஃபில்டர் கிடையாது.

நாள் 214. 11:15

கப்பல் வந்து சேரும் டாக்கில் இருந்த அறிவிப்புப் பெட்டி எரிந்துவிட்டது. அறிவிப்பு ஓடாமல் டாக்கின் உள்கதவு திறக்காது, இந்தச் சுரங்கத்தின் பாதுகாப்பு விதி அப்படி. அதனால் என் பெட்டியையே அங்கே மாட்டினேன். இனி கப்பல்காரர்கள் மைக்கில் பேசினாலும், நான் அறையிலிருந்து பாட்டு அனுப்பினாலும், சுரங்கம் முழுக்கத் தகட்டுக் குழாய் ஸ்பீக்கர்களில் என் பெட்டி வழியாகத்தான் கேட்கும்.

விநாயகத்துக்குத் தலைகால் புரியவில்லை. சங்கரன்கோவில் பக்கம் அவன் வீட்டுத் தொழில் மைக் செட். கோயில் கொடைத் திருவிழாவில் குழாய் கட்டிவிட்டு அதன் வாய்க்கு நேர் கீழே நின்று காது கொடுத்துப் பார்த்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த திருப்தி. எருமையை இன்று சாவி போட்டு அணைத்துவிட்டு இங்கேயும் அதையே செய்கிறான். இன்டர்காமில் சொன்னது:

"யக்கா, நாயனம் காதுக்குள்ள நின்னுல்லா வாசிக்கான்! எங்க அப்பா கேட்டா உங்க கைய கண்ணுல ஒத்திக்கிடுவாரு."

எனக்கும் பெருமைதான். மறைப்பானேன்.

நாள் 215. 14:20

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது நாலாம் குழாயை எருமை நொறுக்கிவிட்டது. அருகில் ஊதி எதுவும் இல்லை. எருமையைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்க் காதைத் துடைத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "இயந்திரத்தின் கேட்புணர்வுக் கோளாறு" என்று எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாள் 216. 10:05

விநாயகம் இறந்துவிட்டான்.

09:10க்கு இன்டர்காமில் கூப்பிட்டான்: "யக்கா, அந்தப் பெரிய மல்லாரியப் போடுங்க. புதுக் கொழாய் கட்டிட்டேன், கீழ நின்னு பாக்கேன்." போட்டேன். நாயனமும் தவிலும் சுரங்கம் முழுக்க முழங்கச் சத்தத்தைக் கூட்டியும் வைத்தேன்.

அப்புறம்: "யக்கா, எருமை வருது. எதுக்கு வருது? நான் ஊதியே வைக்கலியே. ஏ, நில்லு! யக்கா, இத நிப்பா—"

சம்மட்டி குழாயைத்தான் குறிவைத்தது. இடையில் அவன் தலை இருந்தது. அவன் விழுந்த பிறகும் அது இடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் இடியும் இன்டர்காமில் கேட்டது, தவிலோடு சேர்ந்து. குழாய் செத்ததும் அடுத்த குழாய். பிறகு அதற்கடுத்தது. என் அறையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நான் வெளியே வந்து, அதன் ஓரமாக, அவன் நின்ற இடத்துக்கு ஓடினேன். சுவரில் இருந்ததை அவன் என்று சொல்ல அவன் சட்டைத்துணி மட்டும்தான் மிச்சம். எருமையை அணைக்கும் ஒரே சாவி அவன் இடுப்பில் இருந்தது. இடுப்பு என்று எதுவும் இல்லை.

அறைக்குள் திரும்பி ஓடிக் கதவைச் சாத்தினேன். என் கதவுக்கு மேலேயும் ஒரு குழாய். எருமை சுவரோடு சேர்த்து அதை இடித்தது. அறை உள்ளே சரிந்தது. இரும்புத் தகடு ஒன்று என் இடது தொடையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. சம்மட்டி மீண்டும் என் தலைக்கு மேலே ஓங்கியது.

மல்லாரி முடிந்தது. சம்மட்டி ஓங்கியபடியே நின்றது.

பாட்டு நின்றால் எருமை நிற்கிறது. நான் வெட்டாமல் விட்ட நிழல் ஊதியின் உச்சத்தில் போய் விழுகிறது. குழாய் ஒவ்வொன்றும் ஓர் ஊதி. நான்தான் ஒட்டினேன். விநாயகத்தைக் கொன்றது என் காதின் கொழுப்பு.

நாள் 217. 15:30

தொடையைக் கட்டினேன். நிற்காமல் கசிகிறது. எருமை கொட்டிலுக்குத் திரும்பிவிட்டது. கொட்டில் டாக் கதவை ஒட்டி, என் பெட்டியும் அங்கேதான். அந்தப் பக்கத்துக் குழாய்கள் இரண்டும் முழுசாக இருக்கின்றன.

அனுப்பும் ரேடியோ அறையோடு நசுங்கிவிட்டது. ஹெல்மெட்டில் கேட்க மட்டும் முடிகிறது. இப்போது கேட்டது:

"சுரங்கத்துல இருக்கவங்களுக்கு, மீட்புக் கப்பல்லேந்து ஜெய்லானி. நேத்துலேந்து உங்க சத்தமே இல்ல. நாங்க நாலு பேரு வர்றோம். ஒரு மணி நேரத்துல டாக் பண்ணிருவோம். பயப்படாதீங்க, கதவு தொறந்ததுலேந்து மைக்ல பேசிக்கிட்டே வர்றோம்."

நல்ல மனுஷன். பேசிக்கொண்டே வந்து நாலு பேரும் சாகப் போகிறார்கள்.

பெட்டியைப் பிடுங்கினால் கதவு திறக்காது. ஃபில்டரை மறுபடி மாட்ட சோல்டரிங் இரும்பு வேண்டும், அது இடிபாட்டுக்குள். திருகி மாட்டக்கூடியது ஒன்றுதான் கையில் இருக்கிறது. உச்சத்தை மங்கலாக்குகிறது என்று நான் ஒதுக்கிய மூன்றாம் இடம். டிரான்ஸ்ஃபார்மரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு தவழ்கிறேன்.

நாள் 217. 16:22

வந்து சேர்ந்தேன். இனி கை ஓயாது என்பதால் பேசிப் பதிகிறேன். கருவி என் பேச்சை அச்சுத் தமிழாக்கிக்கொள்ளும், கெட்ட வார்த்தையை விட்டுவிடும்.

ஆப்-ஆம்பைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரைத் திருகினேன். கம்பியின் உறையைப் பல்லால் உரித்தேன். எருமை கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. சம்மட்டியில் விநாயகத்தின் முடி ஒட்டியிருக்கிறது. பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

ரெசிஸ்டர் தவழ்ந்து வந்ததில் நசுங்கித் தூளாகிவிட்டது. அது இல்லாவிட்டால் இந்தச் சனியன் தானே உச்சத்தில் கத்தும்.

வேறு வழி தேடினேன். தடை அளக்கும் மீட்டரின் முனைகளை விரலால் பிடித்துப் பார்த்தேன். காய்ந்த விரலில் தடை எக்கச்சக்கம். இரத்தம் தோய்ந்த விரலில் பன்னிரண்டாயிரம் ஓம். ரெசிஸ்டரில் எழுதியிருந்தது பத்தாயிரம். போதும். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இரண்டு கம்பியையும், கம்பிக்கு ஒரு விரலாக, பிடித்துக்கொண்டேன். இப்போது ரெசிஸ்டர் நான்தான்.

நாள் 217. 16:31

வெளிக்கதவு. குழாயில் அறிவிப்பு தொடங்கிவிட்டது. எருமையின் தலை திரும்பியது. விரலை அழுத்தினேன். தலை நின்றது.

ஜெய்லானி மைக்கில் பேசுகிறான்: "உள்ள யாராவது இருந்தா சத்தம் குடுங்க! இந்தா வந்துட்டோம்!"

சத்தம் கொடுக்கத் தெம்பில்லை. குசுகுசுப்புதான் வருகிறது.

விரல் காய்கிறது. எருமை ஒரு காலை எடுத்து வைத்தது. இன்னொரு கால்.

தொடையின் துணிக்கட்டை அவிழ்த்து இரண்டு கம்பியையும் காயத்துக்குள்ளேயே செருகிவிட்டேன். மாதாவே. அவன் பேசும் ஒவ்வொரு சொல்லும் சதைக்குள் சுள்ளென்று ஏறுகிறது. குழாயில் அவன் குரல் இன்னும் மங்கிவிட்டது. எருமை அசையவில்லை. காயம் காயாது. இனி நான் மயங்கினாலும் கம்பி அங்கேயே இருக்கும்.

உள்கதவு திறக்கிறது. நாலு பேரும் பிழைத்துவிடுவார்கள்.

கண்டெடுப்பவருக்கு. நாள் 212இல் எழுதிய தீர்ப்பைத் திருத்தவும். டிரான்ஸ்ஃபார்மர் முதல் இடம். அப்புறம், மைக்கை அணையுங்கள். அணைக்கும்வரை என் காலில் இருக்கும் கம்பியை மட்டும்

நாள் 217. 16:38. தானியங்கிப் பதிவு. குழாய் வழிக் குரல்: ஜெய்லானி.

"இங்க ஒரு அம்மா கெடக்காங்க! உசுரு இருக்கு! டாக்டரக் கூப்புடு, மைக் ஆன்லயே இருக்கட்டும், கப்பலுக்குக் கேக்கணும். ஐயோ, தொடையில என்னப்பா கம்பி குத்திக் கெடக்கு? ரெண்டு கம்பி. பாத்துக்கிட்டு நிக்கிறியே, உருவு. மொதல்ல அத உருவு."