கார்கா

யூன் 12, வியாழன்
டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும்போது முதுகு பிடித்து இன்றோடு மூன்று வாரம். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாதாம். இழப்பீட்டுக் காசில் வீட்டில் கிடக்கிறேன். யோலாண்டா போன் எடுத்தாள். சிலி நாட்டுக்காரி, என்னோடு வேலை, யூனியன் பிரதிநிதியும் அவள்தான். பெட்டிகள் அவளுடைய ஸ்பானிய மொழியில் 'கார்கா'. இழுவை வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் கார்கா. வேறு சொல்லே இல்லையா என்றேன். சிரித்தாள்.

யூலை 25, வெள்ளி
இரண்டு நாளாக முதுகில் நோ இல்லை. முருகன் கேட்டுவிட்டான். சுகமானால் காவடி என்று நேர்ந்தது நான்தானே.
"விசரே உங்களுக்கு? டொக்டர் என்ன சொன்னவர்?" என்றாள் மனைவி அஜந்தா. டொக்டருக்கு நேர்த்தியைப் பற்றி என்ன தெரியும்?

யூலை 27
எடுத்தேன்.

யூலை 28
எழும்ப முடியவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்
இழப்பீட்டு அலுவலகக் கடிதம். மகள் றொஷினி பெருமையோடு முகநூலில் போட்ட வீடியோவை யாரோ பார்த்திருக்கிறார்கள். டொலார்ட் கோயில் வீதியில் நான் காவடியோடு ஆடுகிறேன். ஆடுகிறேன்! பிள்ளை அழுகிறாள். ஏச எனக்கு வாய் வரவில்லை.
முதுகு நோ உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு இனி உன் தலையில் என்றாள் யோலாண்டா. சிலியில் வழக்கறிஞர்கள் அந்தப் பொறுப்பையும் கார்கா என்றுதான் சொல்வார்களாம்.

ஓகஸ்ட் 17
அஜந்தா மெல்லக் கேட்டாள். "அது உங்கட தம்பி எண்டு சொன்னா என்ன? முகம் முழுக்கத் திருநீறுதானே."
தம்பி வசீகரனும் ஓம் என்றுவிட்டான். முருகனுக்கு எடுத்ததை நான் எடுக்கேல்லை எண்டு சொல்லுறதே? சொல்லாட்டி வேலை? பிள்ளையின்ர படிப்பு? — ஒண்டும் விளங்கேல்லை. பயமாக் கிடக்கு.

ஓகஸ்ட் 20
கோயிலுக்குப் போய், பயணப்பெட்டி நிறுக்கும் கைத்தராசில் அந்தக் காவடியைக் கொழுவிப் பார்த்தேன். ஒன்பது கிலோ நானூறு கிராம். ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஓகஸ்ட் 26, செவ்வாய்
விசாரணை. "நான்தான். ஒன்பது கிலோ நானூறு கிராம்" என்றேன். மறுநாள் எழும்ப முடியாமல் கிடந்ததையும் சொன்னேன். யாரும் நிறையைக் கேட்கவில்லையே என்றாள் எழுதிக்கொண்டிருந்த பெண். யோலாண்டா மேசைக்குக் கீழே என் காலில் உதைத்தாள்.

செப்டெம்பர் 19
காசு நின்றுவிட்டது. வேலை போகவில்லை, பாரம் தூக்காத வேலை கிடைக்கும்வரை பொறுக்கட்டாம். உண்மை சொன்னதற்குக் கிடைத்த பிரசாதம்.

ஒக்டோபர் 6, திங்கள்
விமானச் சாப்பாடு அடைக்கும் இடத்தில் அஜந்தாவுக்கு வேலை. இன்று முதல் நாள். அவள் நிரப்பிய படிவத்தில், தங்கி வாழ்பவர்கள் என்ற இடத்தில் றொஷினி, அதற்குக் கீழே என் பெயர். யோலாண்டாவிடம் சொன்னேன். அவளுடைய நாட்டில் அந்த இடத்தில் 'கார்கா' என்றுதான் அச்சடித்திருக்குமாம். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.
காலையில் அஜந்தாவுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். பையைத் தூக்கிப் பார்த்தாள்.
"என்னப்பா, இவ்வளவு பாரமாக் கிடக்கு?"
இரண்டு கிலோகூட இராது. பஸ் தரிப்புவரை நானே கொண்டுபோனேன்.