அத்தையின் கத்திரிக்கோல்

லெய்மதுவா, டோங்கா
22 நவம்பர் 1994

என் கலோலைனே,

கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் காக்கட்டும். உங்கப்பாவை அடக்கம் பண்ணிப் பத்து நாள் ஆச்சு. வந்த கூட்டத்துக்குப் பாய் பத்தல, பன்னி பத்தல. என் தம்பி செமிசி பொசுக்குன்னு போயிட்டான். உனக்குச் சொல்லியனுப்பவே நேரமில்ல. நேத்து உன் தங்கச்சிங்க முடியை வெட்டினேன். அப்பன் போனா பிள்ளைங்க தலையில கத்திரி வைக்கிறது அத்தை பாத்தியதை. உன் தலைதான் பாக்கி. கல்யாணத்துக்குத்தான் அத்தையைக் கேக்கல, இதுக்காவது வா.

உன் அப்பாவோட அக்கா,
லேசியெலி அத்தை


ஆக்லாந்து
9 டிசம்பர் 1994

அத்தைக்கு,

நீங்க வெட்டற வரைக்கும் துக்கத்துக்கு முடியை வாராம விரிச்சுப் போட்டிருக்கேன். வேலை செய்யற இடத்துல சிரிக்கிறாங்க. ஈஸ்டருக்கு வர்றேன், நீங்களே வெட்டுங்க. அப்பத்தான் எனக்குத் துக்கம் ஆறும். கோயிலுக்குப் போறேன், ஜெபம் வரமாட்டேங்குது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க: அப்பா என்னைக் கேட்டாரா?

கலோ


லெய்மதுவா
9 ஜனவரி 1995

கலோ,

வருஷப் பிறப்பு ஜெப வாரம் சனிக்கிழமையோட முடிஞ்சுது. விடியல்லயும் சாயங்காலமும் போனேன். ஒரு பாட்டுகூட வாயில வரல. "என்ன லேசியெலி, உன் குரல் இல்லாம கூரை அசையலியே"ன்னு போதகர் கேலி பண்ணினார். கடைசி நாள் எந்திரிச்சு சபை முன்னால சொல்லிட்டேன். உனக்கும் சொல்றேன்.

உங்கப்பன் பொசுக்குன்னு போகல. நாலு நாள் கிடந்தான். தினமும் "அக்கா, கலோவுக்குப் போன் போடு"ன்னான். "நாளைக்குப் போடறேன்"னேன். என்னைக் கேக்காமக் கல்யாணம் பண்ணினவதானேன்னு ஒரு வீம்பு.

ஆண்டவர் மன்னிச்சிட்டார்னு போதகர் சொல்றார். நீ மன்னிப்பியா?

அத்தை


லெய்மதுவா
22 பிப்ரவரி 1995

கலோ,

உன் பொட்டலம் வந்தது. உள்ள உன் தலைமுடிப் பின்னல் மட்டும்தான். கடுதாசி இருக்கான்னு திருப்பித் திருப்பி உதறிப் பாத்தேன். நீயே வெட்டிக்கிட்டே. என் கை படக்கூடாதுன்னு நினைச்சே. நியாயம்தான்.

பின்னலைத் தம்பி கல்லறை மணல்ல புதைச்சேன். கத்திரிக்கோலையும் கூடவே வெச்சிட்டேன். இனி எந்தத் தலைமேலயும் எனக்குப் பாத்தியதை வேணாம். "ஆண்டவரே, இதுக்குமேல என்னால தூக்க முடியல, நீரே வாங்கிக்கும்"னேன். அங்கயே மணல்ல சாஞ்சவ தூங்கிட்டேன் கலோ. நவம்பருக்கப்புறம் இன்னைக்குத்தான் தூங்கினேன். கோயில்ல மணிக்குப் பதிலா அந்தக் காலி சிலிண்டரைத் தட்டினாங்களே, அப்பத்தான் முழிச்சேன். போய்ப் பாடினேன். கூரை அசைஞ்சுதான்னு நான் பாக்கல.

உனக்காகவும் ஆண்டவர்கிட்ட கேட்டிருக்கேன். நீ பதில் போட வேணாம். தூங்கினாப் போதும்.

லேசியெலி