எங்கள் முனையில் டிராம் திரும்புமா?

பிப். 3, செவ்வாய்

காலையில் பனி. துணி காயவில்லை. குடிநீர்க் குழாய்க்காகத் தெருமுனையில் பள்ளம். பால் வாங்கப் போனவள் எட்டிப் பார்த்தேன். தாருக்கு அடியில் பழைய டிராம் தண்டவாளம்! ராயபுரத்தில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது என்று கேள்விப்பட்டதுதான். இத்தனை வருடம் அதன் மேலேயே நடந்து மீன் வாங்கியிருக்கிறேன். குனிந்து தொட்டேன். சில்லென்று இருந்தது. காரணமே இல்லாமல் அவ்வளவு சந்தோஷம்.

பால் வாங்க மறந்துபோச்சு. வீட்டுக்காரர் அந்தோணிக்குப் பால் இல்லாத டீ. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிப். 5, வியாழன்

ஊரில் மறுபடி டிராம் விடலாமா என்று ஆய்வாம். எங்கள் தெருவிலும் டேப் பிடித்தார்கள். வந்த இன்ஜினியர் பெண் பெயர் மதி. பசிக்குது என்று கேட்டு வாங்கி இடியாப்பம் சாப்பிட்டாள், எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் சொன்னது பிடிக்கவில்லை.

"பழைய டிராம் நேரா போச்சு. இது முனையில திரும்பணும், திரும்பாதுக்கா. தெரு குறுகல். ராயபுரத்தை விட்டுட்டு வேற வழியா போகலாம்னுதான் எழுதணும்."

வயிறு எரிந்தது. கன்டெய்னர் லாரியும் தூசியும் மட்டும் எங்களுக்கு. நல்லது எல்லாம் வேறு வழியாகப் போகும்.

எதிர்வீட்டுப் பிலோமினா இடுப்பில் கை வைத்தாள். "இன்னாம்மா சொல்ற? வருசா வருசம் எங்க மாதா தேரே இங்க திரும்புது. ஒன் டிராம் இன்னா, தேரை வுட பெர்சா?"

மதி டேப் சுருட்டுவதை நிறுத்தினாள். இவர்கள் யோசிப்பது சின்ன டிராம்தானாம். தேர் அதைவிடப் பெரியது.

"ஞாயித்துக்கிழமை வரேன். திருப்பிக் காட்டுங்க."

பிப். 6, வெள்ளி

செய்ய வேண்டியது: தேர்க்கொட்டகைச் சாவி. அச்சுக்கு கிரீஸ். தெருவில் நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்வது. இட்லிக்கு ஊறப்போடுவது.

தேரைக் கேட்டதும் கோயில் ஃபாதர் சிரித்தார். "மாதா இல்லாம எடுத்துக்கோங்க. இடிச்சா நீங்களே பெயின்ட் அடிக்கணும்."

தேரைத் திருப்ப விசில் ஊதுவது அந்தோணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஒரே பீற்றல். விசிலைத் தேடி அலமாரியையே கவிழ்த்துவிட்டார்.

பிப். 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் தேர் கிளம்பியது. மேலே மாதா இருக்க வேண்டிய இடத்தில் பிலோமினா, கையில் மணி. "பீச் ஸ்டேசன்லாம் எறங்கு! ரைட்!" பழக்க தோஷம், திருவிழாவில் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு வீசுவதுபோல யாரோ உப்பும் மிளகும் வீச, எல்லாம் அவள் தலையில். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்று வலி.

முனை வந்தது. விசில். முன்சக்கரம் அழகாகத் திரும்பியது. பின்சக்கரம், டொக். நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுப் படி! போன திருவிழா முடிந்த பிறகு அந்தோணி ஆசை ஆசையாகக் கட்டிய கருங்கல் படி. தெருவுக்குள் நீட்டிக்கொண்டு. தினமும் ஏறி இறங்குகிற எனக்கும் தோன்றவில்லை, விசில் ஊதினவருக்கும் தோன்றவில்லை. மானம் போச்சு.

"யோவ் அந்தோணி! டிராம் வேணும்னு கூவிகினு, ஒன் வூட்டு படிதான்யா தடுத்துகினு கீது!" தேர் மேலிருந்து பிலோமினா.

மதி டேப்பை மூடினாள். அந்தோணிக்கு அந்தப் படி என்றால் உயிர். சாயங்காலம் அவர் உட்காருகிற இடம் அதுதான். என்னைப் பார்த்தார்.

"இன்னாமே?"

"கடப்பாரைய எட்த்துனு வாயா," என்றேன்.

குழாய்ப் பள்ளத்தில் கிடந்த கடப்பாரை வந்தது. முதல் அடி அவர். அடுத்தது நான். தெருவே விசிலடித்தது. மதியும் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டாள்.

தேர் திரும்பிவிட்டது! சுவரில் உரசாமல், ஒரே மூச்சில்.

"திரும்புதுன்னு எழுதறேன்கா," என்றாள் மதி. டிராம் எப்போது வரும், வருமா, அவளுக்கே தெரியாதாம். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். புடவையெல்லாம் கிரீஸ்.

பிப். 9, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது. வீட்டுக்குள் ஏற மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறோம். ஆடுகிறது. உள்பக்கமாகச் சின்னதாக ஒரு படி கட்டலாமே என்றேன். அந்தோணி பெட்டி மேல் உட்கார்ந்து டீயை உறிஞ்சினார்.

"இன்னாத்துக்குமே? டிராம் வந்தா வூட்லர்ந்தே கால் வெச்சி ஏறிக்கலாம்."