வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வழி

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்கும் வரியை இந்த முறை எழுதவில்லை, பதிலுக்கு நீ எழுதப்போகிற பொய்யைப் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து மூன்று வாரமாகிறது, காலையில் என்னோடுதான் கிளம்புகிறாள். எனக்கு ஆஸ்பத்திரி சலவை அறையில் அதே இஸ்திரி, அதே நீராவி, கூடவே முழங்கால் வலி. குளியலறைக் கூரை ஒழுகுகிறது, பார்க்க வருகிறேன் என்ற கொத்தனார் வரவில்லை. குடும்பச் செய்தி இவ்வளவுதான்.

போன மாதம் உன் மனைவி போன் செய்து அழுதாள். அத்தை, காலையிலயே குடிச்சிட்டுத்தான் ஸ்கூல் பஸ்ஸ எடுக்குறாரு, எனக்குப் பயமா இருக்கு என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா, வெளிய சொல்லிடாதம்மா, வேலை போயிடும் என்றேன். நாற்பது பிள்ளைகள் ஏறுகிற பஸ், என் வாயில் முதலில் வந்தது உன் வேலை. உன் பழைய கம்பெனிக்கும் நான்தானே போன் செய்துகொண்டிருந்தேன். நீ எழுந்திருக்க முடியாத நாளெல்லாம் காய்ச்சல் என்றேன், வாந்தி என்றேன், உன் பெரியப்பாவை இரண்டு தடவை சாகடித்தேன், அந்த மனிதர் இன்றைக்கும் கடையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமை வேறு.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று இருப்பதாக எங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உன் ஊரில் அப்படி எங்கே நடக்கிறது என்று கேட்டு வரலாம் என்று கிளம்பினேன். தாளில் போட்டிருந்த நூலகக் கட்டடத்தில் மாடி முழுக்க அறைகள், ஒன்றிலும் பெயர்ப் பலகை இல்லை. காவலாளியிடம் குடிகாரர்கள் அறை எது என்று கேட்க நாக்கு எழவில்லை. கூட்டம் எங்க நடக்குது என்று மட்டும் கேட்டேன், அவன் கைகாட்டிய அறையில் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றியே பேசினார்கள். குடிக்கிறவனுக்கு முதலில் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லிக்கொடுப்பார்கள் போல என்று நானும் தலையாட்டினேன். நம் தெருவில் தண்ணீர் ஒழுங்காக வருகிறது, இருந்தும் அவர்கள் நீட்டிய மனுவில் கையெழுத்துப் போட்டேன். உன் மானத்தைக் காப்பாற்றப் போய் நான் நின்ற நிலை அது, சிரிக்காதே.

சரியான அறையைக் கண்டுபிடித்து நுழைந்தபோது பாதிக் கூட்டம் முடிந்திருந்தது. வட்டமாக ஏழு நாற்காலி, ஒரு கெட்டில், பிஸ்கட் தட்டு. என்னையும் உட்காரவைத்து, நீங்களும் பேசலாம்மா என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் குடிக்கிறவ இல்ல, என் பையன்தான் என்று கத்தினேன். ஒருவரும் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அடுத்து, முன்பு லாரி ஓட்டிய ஒருவர் பேசினார். போதையில் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் போய் மோதினாராம், ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் சாகவில்லை. எங்கம்மா கடைசி வரைக்கும் என்னை யார்கிட்டயும் காட்டிக்கொடுக்கலைங்க, அதனாலதான் நான் சுவரு வரைக்கும் போனேன் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. கூட்டம் முடிந்ததும் அவரிடமே போய் உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

உன் ஊரில் கூட்டம் எங்கே என்று அவரே விசாரித்துச் சொன்னார். தபால் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், பல் டாக்டருக்கு மேல் மாடி, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. முன்கதவு பூட்டியிருக்கும், பின்பக்க இரும்புப் படியில் ஏற வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு வருகிற கிரேன் டிரைவர் ஒருவர் படிக்குக் கீழே உனக்காக நிற்பார். என்னைப் போல் வேறு அறையில் போய் உட்காராதே.

வியாழக்கிழமை ஷிஃப்ட் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உன் டிப்போ மேலாளருக்கு நான் எல்லாவற்றையும் எழுதி, நான்கு நாளைக்கு முன்பே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். காலையில் குடித்துவிட்டு வருகிறாய், வாயை ஊதச் சொல்லிப் பாருங்கள், இத்தனை நாள் தெரிந்தும் மறைத்தவள் நான் என்று எழுதி, கீழே என் பெயரும் முகவரியும் போட்டிருக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அவர்கள் உன்னைக் கூப்பிட்டு விசாரித்து முடித்திருப்பார்கள். எவன் போட்டுக்கொடுத்தான் என்று கூட வேலை செய்கிறவர்களைச் சந்தேகப்படாதே, உன் மனைவி மேல் கை நீட்டாதே. அவளுக்கு இது தெரியாது.

திட்டுவதாக இருந்தால் எனக்குப் போன் செய்து திட்டு, ஆனால் குடிக்காமல் திட்டு. வெறும் வயிற்றோடு அலையாதே. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும், நீயும் நூறு வயது இரு. என்னை மன்னிக்கச் சொல்லி இந்தக் கடிதத்தில் எங்கும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வேலையைப் பறித்த
அம்மா