துணிக்கொடியின் கீழே இருந்த பாசி

ஷ்ராப்ஷர்
ஏப்ரல் 19

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் மழை வருமுன்பே சொல்லிவிடுகிறது. நியூசிலாந்தில் குளிர் தொடங்குமுன் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைக்குக் கம்பளி எடுத்து வைத்திருப்பீர்கள். ஜூனில் வர டிக்கெட் போட்டுவிட்டதாக நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை. சந்தோஷத்தில் அல்ல. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

பத்து நாளைக்கு முன் புல்தரையைக் கீறினேன். நாற்பது வருடப் பழக்கம், மார்ச்சில் புல்லை நெருக்கி மண்டும் பாசியைக் கொல்ல இரும்பு மருந்து, அது கருத்ததும் புல்லை ஒட்ட வெட்டி, வாடகை மெஷினால் நெடுக்கும் குறுக்குமாகக் கீறிப் பாசியை வாரிவிடுவேன். உன் அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து, "மறுபடியும் பாசியோட மல்லுக்கு நிக்கிறீங்களா? காலுக்கு மெத்துன்னு இருக்கு, விட்டுத் தொலைங்களேன்" என்று கத்துவாள். இந்த வருடம் ஜன்னல் மூடியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் குனிந்த தலை நிமிராமல் மெஷினைத் தள்ளினேன். ஐந்து மூட்டை சேர்ந்தது. நான்கைக் காரில் கொண்டுபோய்த் தோட்டக் கழிவுக் கிடங்கில் கொட்டினேன், ஐந்தாவது காரில் கொள்ளவில்லை. திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு கெண்ட்ரிக் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "துணிக்கொடிக்குக் கீழ மட்டுமாவது விட்டுவைப்பேன்னு நெனச்சேன்யா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் வெறுங்காலோடு நின்று துணி காயப்போட்ட இடம் என்று நவம்பரில் அவள் சாம்பலை அங்கேதானே தூவினோம். நீ வர முடியாமல் போனில் பார்த்துக்கொண்டு, "வந்து அங்க கொஞ்ச நேரம் உக்காரணும்ப்பா" என்று அழுதாயே. அந்த இடத்தையே வாரிக் குப்பையில் கொட்டிவிட்டேன், மகளே. உடனே கிடங்குக்கு ஓடினேன். அங்கிருந்த பெண், "அதெல்லாம் அப்பவே உரத்துக்கு அரைக்கப் போயிடுச்சு ஐயா" என்றாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கெண்ட்ரிக், "குளிர்கால மழையில சாம்பல் எல்லாம் மண்ணுக்குள்ள எறங்கியிருக்கும், உன் டோரீன் எங்கயும் போகலடா" என்கிறான். நம்பத்தான் பார்க்கிறேன்.

மிச்சமிருந்த மூட்டை எந்தப் பக்கத்துப் பாசி என்று நினைவில்லை. இருந்தாலும் அதை அவிழ்த்து, மண்டியிட்டு, துணிக்கொடிக்குக் கீழே கையாலேயே பரப்பினேன். "புல்லு விதை தூவ வேண்டிய எடத்துல செத்த பாசியப் போடுறியே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றான் கெண்ட்ரிக். மருந்து பட்டுக் கருத்தது மறுபடி தழைக்காது என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன்.

ஜூனில் வந்து என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. நீங்கள் மூவரும் குறையின்றி நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு என் முத்தம். விமானத்தில் அவள் காதுக்குப் பஞ்சு வைக்க மறக்காதே.

இன்று காலை அங்கே பச்சையாக ஏதோ தெரிந்தது. ஓடிப்போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். புல். பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

உன் அப்பா,
கிளிஃபர்ட்