சிவப்பியின் இடப்பக்க இருக்கை

பிப்ரவரி 3, சனி

இன்று என் பழைய சிவப்புக் கார் சிவப்பியின் இடப்பக்க இருக்கையைக் கழற்றினேன். நான்கு போல்ட். மூன்று சொன்ன பேச்சைக் கேட்டன. நான்காவது முப்பது வருடத் துருவோடு அடம்பிடித்தது. எண்ணெய் விட்டேன், காத்திருந்தேன், கடைசியில் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிய பிறகுதான் அசைந்தது. இருக்கை, தரைவிரிப்பு, ஸ்டெப்னி எல்லாம் ஷெட்டுக்குப் போயாயிற்று. மேட்டுப் பந்தயம் என்றால் ஒவ்வொரு வண்டியாக மேடேறி நேரம் பார்ப்பது; அதில் ஒரு கிலோ குறைந்தாலும் லாபம்தான்.

என் பெண்சாதி ரேவின் டீயோடு வந்து உள்ளே எட்டிப்பார்த்தாள். "அப்போ நான் எங்க உக்கார்றது?"

"நீ தபால் போடுற வண்டியில பின்னாடி வாயேன். கிளப்புக்கு நீ செய்யுற சீஸ் ரோல் தட்டும் நசுங்காம வந்து சேரும்."

டீயை பானட் மேல் வைத்துவிட்டுப் போனாள். பானட் மேல் சூடான கோப்பையை வைக்காதே என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பால் டேங்கர் வேலை முடிந்ததும் நேராக ஹேமியின் பட்டறைக்கு. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ, புதிது ஒன்று ஏற்றியாயிற்று. பழையது சின்னது; அதையும் ஷெட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன்னால் ஹேமி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "டேய் நெவ், இது உன் டேங்கர்ல மாட்டுற சைஸுடா. நேர் ரோட்டுக்கு சரி. நம்ம மேட்டுல நேரா ஓடுற இடம் எங்கடா இருக்கு?"

"நீ மாட்டு. ஓட்டுறது நான்."

"உன் பணம், உன் தலையெழுத்து."

எங்கள் கார் கிளப் சுவரில் சாதனை நேரங்கள் எழுதிய ஒரு மரப்பலகை இருக்கிறது. 'டர்போ வைத்த பழைய கார்' என்ற பிரிவில் ஒன்பது வருடமாக ஒரே பெயர். என் பெயர். 58.6 வினாடி. இந்த வருடம் அதை நானே உடைத்து, நானே என் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். வேறு எவன் பெயரும் அங்கே ஏறக் கூடாது. ஆசை அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

எவன் பெயரும் என்று எழுதினேனே! எவள் என்று எழுதத் தோன்றவில்லை.

நிதானமாக எழுத வேண்டும். காலையில் மேடு காய்ந்திருந்தது. நான் மூன்று முறை ஏறினேன். புது டர்போ தூங்குமூஞ்சி: மிதித்தால் ஒரு மூச்சு யோசிக்கிறது, பிறகு முதுகில் உதைத்த மாதிரி தள்ளுகிறது. வளைவுக்கு நடுவில் உதைத்தால் பின்சக்கரம் வழுக்குகிறது. 59.8. பரவாயில்லை, பழகிவிடும் என்று கீழே இறங்கி வந்தால், நேரம் எடுக்கிற கொலீன் மேசை முன்னால் ரேவின் ஹெல்மெட் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கிறாள்!

எங்கள் கிளப்பில் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் பெயர் கொடுக்கலாம். அப்பா மகன் கொடுப்பார்கள், அண்ணன் தம்பி கொடுப்பார்கள். பெண்சாதிகள் தட்டு கொண்டுவருவார்கள். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

"என்ன இது?" என்றேன்.

"வேடிக்கை பார்க்க உள்ள சீட் இல்ல. ஓட்டுற சீட் மட்டும்தான் இருக்கு. அதான்."

கொலீன் சிரித்த சிரிப்பு எதிர்ப்பக்கத்து ஆட்டுமந்தை வரை கேட்டிருக்கும். சரி, ஒரு முறை உருட்டிவிட்டு வரட்டும் என்று நானும் பெருந்தன்மையாகச் சாவியைக் கொடுத்தேன்.

59.1.

வண்டி என்னுடையது. என் டர்போ, என் டயர், நான் கழற்றிய இருக்கை. அதில் அவள் என்னைவிட வேகம்.

பிப்ரவரி 12, திங்கள்

அவள் ஏறும்போது டயர் சூடாகியிருந்தது. நான்தானே மூன்று முறை ஏறிச் சூடாக்கிக் கொடுத்தேன்? டேங்கில் பெட்ரோலும் குறைந்திருந்தது, எடை குறைவு. அவளும் என்னைவிட முப்பது கிலோ குறைவு. எல்லாம் கூட்டிப் பார்த்தால் உண்மையில் வேகம் நான்தான்.

இதை ரேவினிடம் விளக்கினேன். "ஓகோ," என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு உரித்தாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

இரண்டு கிலோ குறைத்திருக்கிறேன். நான், வண்டி அல்ல.

பிப்ரவரி 21, புதன்

இன்று பால் எடுக்கப் போன பண்ணையில் எல்லாம் இதே பேச்சு. ஒருவன் குழாயை மாட்டுவதற்குள் ஆரம்பித்தான்: "நெவ், உன் பொண்டாட்டி உனக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்குறாளாமே?" அவன் மாடுகூட என்னைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது.

சிரித்தேன். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது.

மார்ச் 4, ஞாயிறு

நான் 59.5. அவள் 58.9.

ஏறி முடித்ததும் டர்போ வண்டியை உடனே அணைக்கக் கூடாது. உள்ளே தகதகவென்று காய்ந்திருக்கும். அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று கருகிப்போகும். இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு ஆற வைக்க வேண்டும். கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் இதைப் பாடம் எடுக்கிறவன் நான்.

இன்று என் கடைசி ஏற்றம் முடிந்து, கொலீன் நேரத்தைப் படித்தாள். சாவியைத் திருப்பி அணைத்தேன். கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தேன். பின்னால் இன்ஜின் திரும்ப உயிர் பிடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ரேவின் ஜன்னல் வழியாகக் கை விட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, பக்கத்திலேயே காவல் நிற்கிறாள், அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி.

அதுவும் எரிச்சலாக இருந்தது. அதுதான் ரொம்ப எரிச்சலாக இருந்தது.

இன்று சீஸ் ரோலும் இல்லை. அவள் ஓட்டப் போனால் யார் செய்வது? எல்லாரும் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானா செய்ய வேண்டும்?

மார்ச் 5, திங்கள்

பொறாமை. சரி, எழுதிவிட்டேன். வயிறு எரிகிறது. ஹேமி ஜெயித்திருந்தால் தோளில் தட்டி பீர் வாங்கிக் கொடுத்திருப்பேன். அவள் ஜெயித்தால் ஏன் இப்படி? ஒரே வீட்டுக்குத்தானே கோப்பை வருகிறது? வரட்டுமே! வரக் கூடாது. என் பெயரில் வர வேண்டும்.

மார்ச் 14, புதன்

டேங்கரோடு சரளைக்கல் சாலைத் திருப்பத்தில் ஒதுங்கி நின்றேன். எதிர்க் குன்றின் மேல் ரேவினின் தபால் வண்டி. அவளுக்கு நான் நிற்பது தெரியாது.

பெட்டிக்குப் பெட்டி நிறுத்தி நிறுத்திப் போகிற வேலை, அது ஒரு ஓட்டுதலா என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று இன்றுதான் பார்த்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, உள்ளே போன பிறகு பிரேக்கைத் தொடாமல், வெளியே வரும்போது மெல்ல மெல்லக் கொடுத்து... பின்னால் புழுதி ஒரே சீராக எழுந்தது. எங்கேயும் பொத்தென்று கிளம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு கையில் வெள்ளையாக யாருடைய கடிதமோ வேறு!

வயிற்றெரிச்சல் போகும் என்று பார்த்தேன். கூடிப்போயிற்று. இத்தனை வருடம் இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் ஓட்டுதலைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, மனசுக்குள் என்ன நினைத்திருப்பாள்?

மார்ச் 27, செவ்வாய்

சிவப்பியைச் சோதனைக்குக் கொண்டுபோய், சாலையில் ஓடத் தகுதி என்ற வாரண்ட் வாங்கினேன். ஸ்டிக்கர் ஒட்டிய பையன் கேட்கிறான்: "இதுதான் ரேவின் ஓட்டுற வண்டியா?"

ஏப்ரல் 8, ஞாயிறு

பருவத்தின் கடைசிப் பந்தயம். காலையில் மழைத்தூறல், மேட்டில் பாதி ஈரம். நான் 60-க்குக் கீழே வரவே இல்லை. மிதித்த இடத்தில் எல்லாம் சக்கரம் வழுக்கியது. ரேவின் ஒரே ஒரு முறை ஏறி 58.8. பலகையில் இருக்கும் என் நேரத்துக்கு வெகு பக்கம்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை. அவள் கூடாரத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எண்ணெய் பார்க்கிற மாதிரி பானட்டைத் திறந்தேன். டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு சின்னப் பித்தளைத் திருகு உண்டு. நான் வைத்திருந்தது மீட்டரில் பதினைந்து காட்டுகிற அளவு. பத்துக்கு வருகிற மாதிரி திருப்பி விட்டேன்; அழுத்தம் குறைந்தால் இழுவையும் குறையும். மூடிவிட்டு கறி அடைத்த பேஸ்ட்ரி ஒன்று தின்றேன். ஆட்டுக்கறி. ருசியே தெரியவில்லை.

என்ன மாதிரி மனுஷன்டா நீ?

அவள் ஏறினாள். நான் கீழே நின்று சத்தத்தைக் கேட்டேன். வழக்கமான கத்தல் இல்லை. ஒரே மூச்சாக, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி போயிற்று. ஒரு இடத்தில்கூட சக்கரம் கீச்சிடவில்லை. பெரிய நேரமாக வரும், முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொலீன் மைக்கில் கத்தினாள். "ஐம்பத்தெட்டு புள்ளி ஒண்ணு! அய்யோ ரேவின்! நெவ், எங்கய்யா இருக்க? உன் ரெக்கார்ட் போச்சு!"

ஒன்பது வருடம். போயிற்று. நானே திருகைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வண்டி கீழே வந்தது. எல்லாரும் ஓடினார்கள். அவள் கையை ஆட்டி, "ஆறணும், ரெண்டு நிமிஷம் விடுங்க," என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்து, உள்ளே வா என்று தலையை அசைத்தாள். இடப்பக்கம் வெறும் தகரம். போல்ட் துளைகளுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினேன். இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"மீட்டர்ல பத்துதான் காட்டுச்சு," என்றாள். முன்னால் பார்த்தபடியே. "முதல் வளைவுலயே தெரிஞ்சுபோச்சு."

போல்ட் துளை ஒன்றை விரலால் அடைத்துக்கொண்டேன்.

"நிறுத்திட்டு இறங்கலாமான்னு பார்த்தேன். இறங்கி என்ன சொல்றது? என் புருஷன் திருகைத் திருகிட்டான்னு மைக்ல சொல்லவா? போய்த் தொலையுதுன்னு ஏறினேன். ஏறினா, நல்லாருக்கு நெவ். சக்கரம் எங்கயும் வழுக்கல. இனிமே அப்படியே வெச்சிரு."

"ரே, நான்..."

"நான் உன்னைத் தோக்கடிக்க வரல. பத்தொம்பது வருஷமா நான் உக்காந்த எடத்தைக் கழட்டி ஷெட்ல போட்டுட்ட. ஒரு வார்த்தை கேட்டியா? கோவம். அவ்வளவு கோவம். அந்தக் கோவத்துலதான் பேரு குடுத்தேன். அப்புறம் ஓட்டிப் பார்த்தா," இங்கே குரல் மாறியது, சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, "ஓட்ட எவ்ளோ நல்லாருக்கு! இதை ஏன்டா என்கிட்ட இத்தனை வருஷமா சொல்லவே இல்ல?"

இரண்டு நிமிடம் முடிந்தது. அணைத்துவிட்டு இறங்கிப் போனாள். எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை.

எனக்கு இன்னும் ஒரு ஏற்றம் பாக்கி இருந்தது. பானட்டைத் திறந்தேன். பத்திலேயே விட்டிருக்கலாம். பதினைந்துக்கே திரும்ப ஏற்றினேன். 60.4. எனக்கு அது வேண்டும்தான்.

ஏப்ரல் 9, திங்கள்

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் பொறுக்க முடியவில்லை. என் இடத்தில் அவள் திருகியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 12, வியாழன்

ஹேமியிடம், சும்மா பேச்சுவாக்கில், அழுத்தத்தைக் குறைத்தால் மேட்டில் எப்படி என்று கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"பிப்ரவரியிலேர்ந்து அதைத்தானேடா கத்திட்டு இருக்கேன்? சக்கரம் தரையில ஒட்டினாத்தான் வண்டி போகும். உனக்குச் சத்தம் வேணும். முதுகுல உதைக்கணும். உதைச்சா வேகம்னு நினைப்பு."

பெரிய டர்போவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பழையதே போதும்.

மே 5, சனி

சீஸ் ரோல் செய்வது சுலபம் என்று நினைத்தேன். சீஸ், டின் பால், வெங்காய சூப் பொடி, கிளறி ரொட்டியில் தடவிச் சுருட்ட வேண்டும். சுருட்டினால் பிளந்துகொள்கிறது. முதல் தட்டு அடிப்பிடித்தது, இரண்டாவது மேலே கருகியது. ரேவின் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், "வெண்ணெய் தடவினியா?" என்று மட்டும் கேட்டாள். தடவவில்லை.

அடுப்பு ஆறுகிற நேரத்தில் ஷெட்டுக்குப் போனேன். இருக்கையைத் துடைத்தேன். தையல் இடுக்கில் அவளுடைய கொண்டை ஊசி ஒன்று, எந்த வருடத்ததோ. நான்கு போல்ட். நான்காவது இந்த முறையும் அடம்பிடித்தது.

மே 6, ஞாயிறு

கிளப்பில் பரிசளிப்பு. பலகையில் என் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் அவள் பெயர். பெயிண்ட் இன்னும் ஈரமாக இருந்தது. விரலை வைத்துப் பார்க்கத் தோன்றியது, வைக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரியவில்லை என்று எழுதினால் பொய். கொஞ்சம் எரிந்தது. ஹேமி என் சீஸ் ரோலை ஒரு கடி கடித்துவிட்டு, "நெவ், நீ வண்டியே ஓட்டுடா," என்றான்.

காலையில் அவள் கொலீனோடு முன்னால் வந்துவிட்டாள்; சிவப்பியில் நான் தனியாக வந்திருந்தேன். திரும்பும்போது அவளிடம் சாவியை நீட்டினேன். கதவைத் திறந்தவள், இடப்பக்கம் பார்த்து அப்படியே நின்றாள். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"எடை கூடுமே," என்றாள்.

"கூடட்டும்."

"உன்னையும் சேர்த்தா ரெண்டு செகண்ட் போயிடும்."

"வீட்டுக்குத்தானே போறோம்?"

நேராக வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலையைச் சுற்றிப் போனோம். அவள் மெல்ல மெல்லக் கொடுத்தாள், சிவப்பி கேட்ட நேரத்தில் கொடுத்தது. எனக்கு இரண்டு முறை வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடிற்று. அவள் பார்த்துவிட்டாள். வளைவுகளை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரிதான் இருக்கின்றன.

வாசலில் வந்து நின்றதும் அணைக்கவில்லை. இரண்டு நிமிடம். இந்த முறை எனக்கு உட்கார இடம் இருந்தது.