பாதி மைதானமா, முழு மைதானமா

அன்பு மகளுக்கு,

அப்பாவின் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை அவரை ரக்பி கிளப்புக்குக் கூட்டிப்போனேன். பழைய ரசிகர்கள் வழக்கம்போல அப்பா ஜெயிக்கவைத்த அந்த இறுதி ஆட்டத்தைத்தான் பேசினார்கள்.

"பந்தைப் புடிச்சுக்கிட்டு பாதி மைதானம் ஓடினாருய்யா மனுஷன்," என்றார் வில்ஃப்.

"பாதியா? நீ பீர் வாங்கப் போயிருப்ப. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும்ல ஓடினாரு," என்றார் அவர் மச்சான்.

நானும் அன்று மழையில் நின்று பார்த்தவள்தான். எதிரணிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சேற்றில் கிடந்த பந்தின் மேல் உன் அப்பா வழுக்கி விழுந்தார்; ரக்பியில் அதற்கே புள்ளி உண்டு, அவ்வளவுதான்.

"நீயே சொல்லும்மா, பாதியா, முழுசா?" என்று வில்ஃப் என்னைக் கேட்டார். அப்பா தன் பீர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசுந்தான்," என்றேன்.

கிளம்பும்போது அப்பா மேசையிலிருந்து வாசல் வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருந்தது.

அம்மா